ஏழாவது வரி

மௌனதீரம், கல்லாறு
2 ஜூன் 2025

அக்கா,

சொகமான்னு கேக்க மனசில்ல. கேக்கல.

பொன்முடி மலையில மஞ்சு பாத்துட்டு சாயங்காலம் திரும்பிரலாம்னு சொன்ன. நானும் நம்பி ஜாக்கெட் போட்டுட்டு வந்தேன். விதுரையில பஸ் மாறினப்பவும் ஒண்ணும் தோணல, கல்லாறு பாலம் தாண்டி ஆட்டோ உள்வழியில திரும்பினப்பவும் தோணல. வாசல்ல ஒரு பேப்பர நீட்டினாங்க. பொன்முடி என்ட்ரி பாஸ்னு நெனச்சு வாசிக்காம கீழ பேர எழுதி ஒப்புப் போட்டேன். இரும்புக் கேட்ட சாத்தின சத்தம் கேட்டுத் திரும்பினா, நீ ஆட்டோவுக்குள்ள உக்காந்து தரையப் பாத்துட்டு இருக்க. இருபத்தி நாலு வயசு ஆம்பளைய ஊசி போடக் கூட்டிட்டுப் போற பிள்ளையப் போல ஏமாத்திக் கொண்டுவந்து விட்டுட்டல்லா.

இந்த டி-அடிக்‌ஷன் சென்டர்ல பதினொரு பேர் இருக்கோம். பாதி பேர் கேம், பாதி பேர் ஆன்லைன் ரம்மி. அஞ்சரைக்கு எழுப்பி யோகா, பெறகு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துல களை பறிக்கணும், பெறகு கவுன்சிலர் ஹரிஷங்கர் சாரோட கிளாஸ். ராத்திரி பகல் ஆத்துச் சத்தம் கேட்டுட்டே இருக்கும், ஆத்தப் பாக்க முடியாது. மதில் அவ்வளவு உயரம். தொண்ணூறு நாள் கழியணும், இல்லேன்னா கொண்டுவந்து சேத்த ஆளே ஒப்புப் போட்டுக் கூட்டிட்டுப் போகணும். அந்த ஆளு நீ.

போன் கிடையாது. வாரத்துக்கு ஒரு கடிதம், அதையும் ஆபீஸ்ல வாசிச்சுட்டுத்தான் விடுவாங்க. தமிழ் வாசிக்க இங்க ஆளில்ல, எல்லாரும் மலையாளந்தான், அதான் தமிழ்ல எழுதுறேன். நீயும் தமிழ்லயே எழுது.

ஒரே ஒரு காரியம். என் கம்ப்யூட்டர வித்துராத. ஷைஜு சேட்டன் கடையில குடுத்து ஃபார்மேட் பண்ணிராத. அதுல கிராபிக்ஸ் கார்டோட ட்ரைவர மூணு வாரம் குத்தவச்சு நான் ஒழுங்கு பண்ணினது. அந்த செட்டிங்ஸ் ஒவ்வொண்ணையும் பாத்து ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பு. வேற ஒண்ணும் உன்கிட்ட கேக்க மாட்டேன்.

சுஜின்


கரமனை
11 ஜூன் 2025

சுஜின் மக்கா,

நீ கேக்கலேன்னா என்ன, நான் சொகமாத்தான் இருக்கேன்.

திட்டு. அம்மையும் அப்பாவும் இல்லாத வீட்ல திட்டுறதுக்கு நான்தானே உண்டு. ஆனா நான் கண்டத நானும் சொல்லணும்லா. ஏப்ரல் மாசத்துல நீ எத்தனை நாள் குளிச்ச? லாட்ஜ் ரிசப்ஷன் வேலைக்குப் போறத நிறுத்தின. பதினாறு மணிக்கூர் ஒரே இருப்பு. நான் வேலைக்குப் போறப்ப வச்ச சோறு, திரும்பி வாறப்ப ஈ மொய்ச்சுக் கிடக்கும். அந்த ஸ்க்ரீன்ல ஒரே சுவரு, அதுக்குப் பின்னால இருந்து ஒரே ஆளு தலை நீட்டுவான், நீ சுடுவ, திரும்பவும் முதல்ல இருந்து. சந்தோஷமா கேம் களிச்சிருந்தா நான் சும்மா விட்டிருப்பேன். உன் மூஞ்சியில ஒரு துள்ளி சந்தோஷம் இல்ல மக்கா. ஒருநாள் மவுஸ சுவருல எறிஞ்சுட்டு உன் கையையே பாத்துட்டு இருந்த. அன்னைக்குப் பிடிச்சுது எனக்கு பயமும் வெப்ராளமும்.

கம்ப்யூட்டர விக்கல. அப்பாவோட பழைய சாரத்துணியப் போட்டு மூடி வச்சிருக்கேன். ஆனா அந்த செட்டிங்ஸ் எழுதுற காரியம் என்னால ஆகாது. எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது. எங்கயாவது தொட்டு எதாவது ஆயிப்போனா பெறகு அதுக்கும் நான்தான் பேச்சு வாங்கணும்.

ஜவுளிக்கடையில என்னைத் துணி வெட்டுற கவுண்டர்ல இருந்து ஸ்டாக் ரூமுக்கு மாத்திட்டாங்க. மாடி, ஜன்னல் கிடையாது. நீ அங்க ஒரு அடைப்புல, நான் இங்க ஒரு அடைப்புல. நாள் போயிரும்.

சோத்த மிச்சம் வைக்காத.

அக்கா


மௌனதீரம், கல்லாறு
19 ஜூன் 2025

அக்கா,

ஒரு மண்ணும் தெரியாதாம். கரண்ட் பில்லு, கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு திருத்தம் எல்லாத்தையும் போன்லயே முடிக்கிறவளாக்கும் நீ. செரி, சொல்லித்தாறேன்.

கம்ப்யூட்டர ஆன் பண்ணு. ஸ்க்ரீன்ல படம் ஒண்ணும் இல்லாத இடத்துல மவுஸோட வலது பட்டனை அமுக்கு. ஒரு சின்னப் பட்டியல் விழும், அதுல கிராபிக்ஸ் கண்ட்ரோல் பேனல்னு இருக்கும். அதத் திறந்தா இடது பக்கம் த்ரீ-டி செட்டிங்ஸ். அதுக்குள்ள நீளமா ஒரு லிஸ்ட். ஒவ்வொண்ணுக்கும் நேரா 'ஆன்' இல்லேன்னா 'ஆஃப்'னு போட்டிருக்கும். மேல இருந்து கீழ அப்படியே எழுது. ஒண்ணையும் மாத்தாத.

உனக்கு இதெல்லாம் கிறுக்குன்னு தோணும். கேமுக்குள்ள ஒரு செட்டிங்ஸ் உண்டு, அத எல்லாரும் மாத்துவாங்க. ட்ரைவர்ங்கிறது அதுக்கும் அடியில, கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர். கேம் என்ன சொன்னாலும் ட்ரைவர் சொல்றதத்தான் கார்டு கேக்கும். படம் அழகா வேணுமா, கை அசைஞ்ச உடனே வேணுமான்னு அங்கதான் தீருமானம். நான் அழகு முழுசையும் வெட்டிட்டேன். நிழல் இல்ல, புல்லு இல்ல, சுவரு வெறும் சாந்து பூசின மாதிரி இருக்கும். ஆனா கை எங்கயோ அங்க துப்பாக்கி. கரமனையில எத்தனை பேர் வீட்டுல கூப்பிட்டு என்னைக் கொண்டு செட் பண்ண வச்சாங்கன்னு ஷைஜு சேட்டன்கிட்ட கேளு. பெங்களூர் கேமிங் டீம் என்னை செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டதும் அந்தக் கைக்காகத்தான். அதையும் தோத்தேன். அது வேற கதை.

இங்க ஹரிஷங்கர் சார் தினமும் ஒரு கேள்வி கேப்பாரு. "எதுக்காக்கும் கேம் களிச்சது?" நான் சும்மான்னு சொல்லுவேன். அவரு எழுதிக்குவாரு.

பின்ன, நீ என்ன இவ்வளவு பொடி எழுத்துல எழுதுற? முதல் வரி ஒழுங்கா இருக்கு. கீழ போகப் போக எறும்பு ஊருற மாதிரி. பேப்பர் அவ்வளவு விலையா? நல்லா விரிச்சு எழுது, வெளக்கு வெளிச்சத்துல கண்ணு வலிக்குது.

சுஜின்


கரமனை
30 ஜூன் 2025

மக்கா,

நீ சொன்னபடி வலது பட்டனை அமுக்கினேன். பேனல் வந்துது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுக்க இதுக்கே போச்சு.

முதல்ல இமேஜ் ஷார்ப்பனிங், ஆஃப். அதுக்குக் கீழ அனிசோட்ராபிக்னு ஒண்ணு, வாயில நுழையல, ஆஃப். ஆன்டி அலையாசிங், ஆஃப். பவர் மேனேஜ்மென்ட், அதுல மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்னு இருக்கு. ஷேடர் கேஷ், ஆன். டெக்ஸ்ச்சர் ஃபில்டரிங், ஹை பெர்ஃபார்மன்ஸ். ஏழாவது, வெர்டிகல் சிங்க், ஆஃப். அதுக்கும் கீழ மூணு நாலு உண்டு, எல்லாம் ஆட்டோன்னு போட்டிருக்கு.

இவ்வளவுதான். நீ விட்டுட்டுப் போன மாதிரியேதான் எல்லாம் இருக்கு. போதுமா?

எழுத்து பொடியா இருக்குன்னு சொன்ன. ஸ்டாக் ரூம்ல நாள் முழுக்க சின்னச் சின்ன டேக்ல நம்பர் எழுதி அதே பழக்கம் ஆயிப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல.

டீ குடிக்கிறத நிறுத்திட்டேன். வயித்துக்கு ஆகல. நீ அங்க கட்டன் சாயா கேட்டு அடம்பிடிக்காத.

அக்கா


மௌனதீரம், கல்லாறு
8 ஜூலை 2025

அக்கா,

லிஸ்ட் கிடைச்சுது. நாலு தடவை வாசிச்சேன். ஒண்ணுகூட மாறல. நான் வச்சபடிதான் எல்லாம் இருக்கு.

இனி உன்கிட்ட மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஹரிஷங்கர் சாருக்குச் சொல்லாதத உனக்குச் சொல்றேன். நான் களிக்கல அக்கா. கையப் பரிசோதிச்சுட்டு இருந்தேன்.

இந்த வருஷம் ஒருநாள் காலைல உக்காந்தேன், கை பிந்துது. எந்த நாள்னு எனக்கு நல்லா தெரியும், நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. சுவருக்குப் பின்னால ஆளு தலை நீட்டுறான், கண்ணு பாக்குது, மனசு சொல்லுது, கை போகுது, ஆனா ஒரு இழை பிந்துது. ஒரு சொடுக்குல பாதி நேரம்கூட இருக்காது. வேற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மறுநாளும் அப்படியே. மவுஸ் மாத்தினேன், கேபிள் மாத்தினேன், நெட் கம்பெனிக்காரன்கிட்ட சண்டை போட்டேன். ட்ரைவர மட்டும் பாக்கல. அது நானே செட் பண்ணினது, அத யாரு தொடப்போறா?

அப்பாவுக்கு அந்த நோய் எங்க தொடங்குச்சுன்னு உனக்கு ஓர்மை உண்டா? ஹோட்டல்ல பரோட்டா மாவு வீசுறப்ப கை பிந்துது, மாவு கிழியுதுன்னு சொன்னாரு. யாரும் நம்பல, எல்லாரும் சிரிச்சாங்க. ஆறு மாசத்துல கல்லு முன்னால இருந்து எழுப்பி பில் எழுத உக்கார வச்சாங்க. பெறகு அதுவும் முடியாம வீட்ல கட்டில்ல. கடைசியில தண்ணி டம்ளரை நீ பிடிச்சுக் குடுத்த. போறப்ப நாப்பத்தாறு வயசு.

அதான் பதினாறு மணிக்கூர் உக்காந்தேன். ஒரே சுவரு, ஒரே ஆளு. இன்னைக்குக் கை சரியான நேரத்துல வருதா, நாளைக்கு வருதான்னு. இங்க வந்த பெறகு தினமும் காலைல சாப்பாட்டுத் தட்ட உள்ளங்கையில வச்சு நீட்டிப் பாக்குறேன். மத்தவங்க நான் பிரார்த்தனை பண்றேன்னு நெனைக்கிறாங்க.

உன்கிட்ட லிஸ்ட் கேட்டது எதுக்குத் தெரியுமா? அதுல ஒண்ணாவது மாறியிருக்கும்னு ஒரு ஆசை. தானா எதாவது அப்டேட் ஆகி மாறியிருக்கும், குத்தம் மெஷின்ல இருக்கும்னு. மாறல. அப்போ கைதான்.

தொண்ணூறு நாள் முடிஞ்சாலும் நான் வரல அக்கா. இங்க ஃபீஸ் வாங்காம தோட்டத்துல வேலைக்கு நிறுத்துவாங்களாம். மரச்சீனி பறிக்க வேகம் வேண்டாம். அப்பாவுக்கு டம்ளர் பிடிச்ச கையால எனக்கும் பிடிக்காண்டாம்.

சுஜின்


கரமனை
14 ஜூலை 2025

சுஜின்,

உன் கைக்கு ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் இல்ல. நான்தான் செஞ்சேன்.

பொங்காலைக்கு மறுநாள். மார்ச் மாசம், கோயிலுக்குப் பொம்பளைங்க தெருவுல பொங்கலிட்ட செங்கல்லு இன்னும் அடுக்கித் தீரல, அடுப்புச் சாம்பல் காத்துல பறந்துட்டு இருந்துது. நீ பால் வாங்கப் போன. அந்த ஏழெட்டு நிமிஷத்துல நான் உக்காந்து அந்த வெர்டிகல் சிங்க ஆன் பண்ணினேன். ஷைஜு சொல்லித் தந்தான். "அக்கா, இத ஆனாக்கினா படம் கிழியாம நல்ல அழகா வரும், ஆனா கைக்கும் ஸ்க்ரீனுக்கும் இடையில ஒரு இழுவை வரும். அவனுக்குப் பிடிபடாது. ரெண்டு நாள் தோத்தா வெறுத்து மடுத்து எந்திச்சிருவான்"னான். விரல் சூப்புற பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுற மாதிரின்னு நான் நெனச்சேன். பெங்களூர் போயிராம, லாட்ஜ் வேலையில நிலையா நின்னா போதும்னு நெனச்சேன். எனக்கு ஒருத்தர் வீட்ல வேணும்னு தோணிச்சு. அவ்வளவுதான் லே நான் நெனச்சது.

நீ மடுக்கல. அன்னையில இருந்துதான் நீ எந்திக்காம ஆன. திருப்பி மாத்தணும்னு எத்தனை நாள் கதவுக்குப் பின்னால நின்னேன் தெரியுமா? நீ அந்தக் கசேரிய விட்டு எந்திச்சாத்தானே. வாய் தொறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரல. செலக்‌ஷன்ல தோத்துட்டு வந்து நீ சுவரப் பாத்துப் படுத்தப்பவும் சொல்லல. பெறகு உன்னை அங்க கொண்டுவந்து தள்ளினேன். நான் கெடுத்தத நானே நோயின்னு சொல்லி ஒப்புப் போட்டேன்.

போன கடிதத்துல ஏழாவது வரியில ஆஃப்னு எழுதினது பொய். அந்த வரியில பேனா அரை மணிக்கூர் நின்னுது. 'ஆன்'னு எழுதினா நீ என் முகத்துல முழிக்க மாட்டன்னு பயம். ஆஃப்னு எழுதி உன்னை உன் கைமேலயே பயப்பட வச்சிட்டேன். கையப் பத்தி ஒரு வார்த்தை நீ முன்னாலேயே சொல்லியிருந்தா, அந்த நிமிஷமே காலுல விழுந்து சொல்லியிருப்பேனே மக்கா.

இப்போ ஆஃப் பண்ணிட்டேன். உன்னை விடச்சொல்லி மலையாளத்துல எழுதி, ஒப்புப் போட்டு ரிஜிஸ்டர் தபால்ல ஆபீஸுக்கு அனுப்பியாச்சு. நேர்ல வர லீவு கிடைக்கல, அதுக்கும் கோபப்படாத. நீ எந்திச்சு வீட்டுக்கு வா. பெங்களூர் போறதா இருந்தாலும் போ. நான் எப்படியாவது இருந்துக்குவேன்.

அக்கா


மௌனதீரம், கல்லாறு
25 ஜூலை 2025

அக்கா,

இது தமிழ்ல உனக்கு எழுதுற கடைசிக் கடிதம். இனி மலையாளத்துலதான் எழுதணுமாம். இதயும் ஆபீஸ் வழியா விடல, சமையல் செய்ற ஸ்வப்னா சேச்சி சேலையில சொருகிக் கொண்டுபோய் விதுரையில போடுறேன்னு சொல்லியிருக்காங்க. ஏன்னு சொல்றேன்.

நாள் சரிதான். பொங்காலைக்கு மறுநாள். என் நோட்டுலயும் அதுதான் இருக்கு. அத வாசிச்சுட்டு தோட்டத்துல போயி உக்காந்து அழுதேன். பெறகு தட்ட எடுத்து உள்ளங்கையில வச்சேன், ஆடல. ஆடவே இல்ல, எந்த நாளும் ஆடினதில்ல. பெறகு உன்மேல வந்த ஆத்திரத்துல அந்தத் தட்டையே எறிஞ்சேன். அதுக்கு ஒரு நாள் பேசக்கூடாதுன்னு தண்டனை.

மறுநாள் ஹரிஷங்கர் சார்கிட்ட உள்ளது முழுக்கச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. "இங்க வாற எல்லாரும் மெஷினத்தான் குத்தம் சொல்லுவாங்க சுஜின்"னாரு. எழுதிக்கிட்டாரு.

திங்கக்கிழமை ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. மேசைமேல ரெண்டு பேப்பர். ஒண்ணு மே மாசம் நீ என்னைச் சேத்தப்ப ஒப்புப் போட்ட ஃபாரம். இன்னொண்ணு இப்போ நீ அனுப்பின லெட்டர். "இது உன் அக்காவோட ஒப்புதானா, இல்ல வெளிய ஆள வச்சுப் போட வச்சியா?"ன்னு ஹரிஷங்கர் சார் கேட்டாரு. தமிழ்ல எழுதி எழுதி ஷைஜு சேட்டனோட பிளான் போட்டேன்னு அவங்களுக்குச் சந்தேகம். ஒப்பு ஒத்துப்போகல, விட முடியாதுன்னுட்டாங்க.

நான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். மே மாசத்து ஃபாரத்துல கலைச்செல்வின்னு கொஞ்சம் கோணலா, ஆனா பெருசா இருக்கு. இந்த லெட்டர்ல 'க' ஒழுங்கா இருக்கு, 'லை' அதுல பாதி, 'செ' வாறதுக்குள்ள சுருங்கி, கடைசி எழுத்து வெறும் ஒரு புள்ளி.

ரூமுக்கு வந்து உன் கடிதம் மூணையும் தரையில விரிச்சேன். இத நான் முன்னாலயும் கண்டிருக்கேன் அக்கா. அப்பா பில் எழுத உக்காந்தப்ப இப்படித்தான். ரெண்டு பரோட்டா ஒரு சால்னான்னு தொடங்குவாரு, கூட்டுத்தொகை போடுற இடத்துல ஒண்ணும் வாசிக்க முடியாது. அப்பா எழுத்து புரியாம சர்வர் அண்ணன்மாரு சத்தம் போடுவாங்க.

துணி வெட்டுற கவுண்டர்ல இருந்து உன்னை ஏன் மாத்தினாங்க? வெட்டு கோணலாச்சா? டீயை ஏன் நிறுத்தின? டம்ளரு தூக்க முடியலயா? லீவு கிடைக்கலன்னது பொய்தானே, ரெண்டு பஸ் மாறி ஏற பயமாத்தானே இருக்கு? ஒருத்தர் வீட்ல வேணும்னு எழுதினயே. எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. நீ அத என்கிட்ட சொல்லியிருந்தா நான் பெங்களூர் போவேனாடி? போயிருக்க மாட்டேன்னு பயந்துதான் சொல்லலையா? போகவும் விடாம, இருக்கவும் சொல்லாம, என் ட்ரைவர்ல போய் கை வச்சிருக்க.

நான் இவ்வளவு மாசமும் என் கையையே பாத்துட்டு இருந்தேன். பக்கத்துல சோறு வச்சுட்டுப் போன கைய ஒரு நாள்கூடப் பாக்கல.

இது உன் ஒப்புதான், கைக்கு முடியாததால இப்படி ஆயிருக்குன்னு ஆபீஸ்ல சொன்னேன். அவங்க நம்பல. நீ நேர்ல வரணும், அவங்க முன்னால இருந்து ஒப்புப் போடணும், அது பழைய ஃபாரத்தோட ஒத்துப்போகணும். வேற வழியில்ல. ஷைஜு சேட்டன்கிட்ட சொல்லி கார்ல வா. அந்த ஆளு செஞ்ச வேலைக்கு அதாவது செய்யட்டும்.

வாறதுக்கு முன்னால ஒரு காரியம் செய். ஹோட்டல் முதலாளி அப்பாவுக்காக பில் புக்குல ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு கோடு போட்டுக் குடுத்தாரு, ஓர்மை உண்டா? கோடு கண்ணுல பட்டா எழுத்து சுருங்காது. கொஞ்ச நாள் அதுல அப்பா ஒழுங்கா எழுதினாரு. இந்தப் பேப்பர் பின்பக்கம் நானும் அதே மாதிரி போட்டிருக்கேன். ஸ்கேல் தரமாட்டாங்க, தட்டோட விளிம்ப வச்சுப் போட்டது, கொஞ்சம் வளைஞ்சிருக்கும். உன் பேர அதுக்குள்ள எழுதிப் பழகு. ஒவ்வொரு எழுத்தும் மேல் கோட்டையும் தொடணும், கீழ் கோட்டையும் தொடணும். ஒரு எழுத்து முடிஞ்சா நிறுத்து, மூச்சு விடு, அடுத்தது எழுது.

ஏழாவது வரிக்கு உன்னை நான் மன்னிக்கல. அதுக்கு வீட்ல வந்து நேருக்கு நேர் சண்டை போடணும், கடிதத்துல போட்டா தீராது. வந்து ஆஸ்பத்திரிக்கும் போகணும், நீ மாட்டேன்னு சொன்னாலும் நான் விடமாட்டேன்.

ஒப்புப் போடுறப்ப யாரு என்ன சொன்னாலும் அவசரப்படாத. நான் பக்கத்துல நிப்பேன். பிந்தினாலும் பரவால்ல அக்கா, நான் உள்ளதானே இருக்கேன்.

சுஜின்